நீண்ட ஜெபம்

6.8.1978, சங்கரன்கோவில்

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் வாயில் என் தங்கை பாலம்மாள் புராணம்தான். மதுரையில் ஆபரேஷன் செய்து, இடது கண்ணைச் சுற்றிப் புடைத்திருந்த நீல நரம்புகளை எடுத்து எட்டு மாதமாகிறது. "ஏட்டி ஞானபூரணம், ஒந்தங்கச்சி இப்பம் ஒன்னவிட லெச்சணமா இருக்காளே!"

எனக்கு இருபத்தெட்டு வயது. நான்கு வயது இளையவளுக்கு வரன் வருகிறது. பொறாமைதான். இல்லையென்று யாரிடம் நடிக்க?

11.8.1978

காலையில் பாலம்மாள் குடத்தைத் தூக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது இடது கண் முன்னே தள்ளியிருந்தது. இமை நீலம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. தலை குனிந்தால் திரும்ப வரலாம் என்று ஆபரேஷன் அன்றே டாக்டர் சொன்னார்.

"ஏக்கா, அம்மாட்ட சொல்லிராத."

"சொல்லல."

எனக்குள்ளே ஒரு சந்தோஷம். சீ!

19.8.1978

புளியங்குடியிலிருந்து பாலம்மாளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஜெயசிங், பள்ளிக்கூட வாத்தியார். அவளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காபி குடித்து, பேசி முடித்து, எல்லோரும் முழங்கால்படியிட்டுத் தலைகுனிந்தோம். அப்பா தொடங்குமுன், "நான் ஜெபிக்கேன்ப்பா" என்றேன்.

எல்லோரும் கண்களை மூடியிருந்தார்கள். நான் மட்டும் பக்கத்திலிருந்தவளின் இமையைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தேன். இரு வீட்டாருக்காக, மழைக்காக, வியாதியஸ்தருக்காக, ஊழியக்காரருக்காக — நீட்டினேன், நீட்டினேன். இமை தடித்து நீலமான பிறகுதான் ஆமென் சொன்னேன்.

மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டார்கள். "கண்ணுல என்னம்மா அது?"

பாலம்மாள் என்னைப் பார்த்தாள்.

2.9.1978

கடிதம் வந்தது. சின்னவள் வேண்டாமாம். 'மூத்த மகளின் ஜெபம் எங்கள் உள்ளத்தைத் தொட்டது.' என்னைக் கேட்கிறார்கள்!

அம்மா அழுதுகொண்டே சிரிக்கிறாள். ஆசைப்பட்டது இதற்குத்தானே? பிறகு ஏன் கடிதத்தைக் கையில் எடுக்க மனசில்லை?

5.9.1978

வேண்டாம் என்று எழுதச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார் அப்பா. மதுரை டாக்டரிடம் பாலம்மாளைத் திரும்பக் காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

10.9.1978

நாளை பாலம்மாளை மதுரைக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். என் வினை என்னோடு போகட்டும், அவளுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

மாலைக் குடும்ப ஜெபத்தில் என் முறை. இரண்டே வரி, ஆமென். அவள் கண் வீங்கவில்லை.

பாயைச் சுருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கும் இப்படி முடிச்சிருக்கலாம்லா, அக்கா."