கருப்பட்டி மிட்டாய், ஒரே மடக்கில்

ஆகஸ்ட் 10, 1972. வியாழன்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் கூடுகிறது, கலைகிறது. கொடியில் போட்ட துணி காயவும் இல்லை, நனையவும் இல்லை.

மண்ணெண்ணெய் தீரப் போகிறது. கோவையில் படிக்கும் மகனிடமிருந்து கடிதம் இல்லை.

சோதனை: மஞ்சள்.

டாக்டர் தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார். நீல மருந்தில் என் வீட்டுக்காரருடைய சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, பரவாயில்லை. மஞ்சள், கெட்டது. செங்கல் நிறம், மிகக் கெட்டது. நீலத்தை நான் இதுவரை புட்டியில்தான் பார்த்திருக்கிறேன்.

கால் கட்டைவிரலில் புது ஷூ கடித்த புண். ஆனி மாதம் கடித்தது. ஆடி முடியப் போகிறது, ஆறவில்லை. டாக்டர் போன திங்கள் சொன்னது அப்படியே காதில் நிற்கிறது.

"சார், சிலர் இனிப்பை விடமாட்டாங்க. சிலர் குடியை விடமாட்டாங்க. ரெண்டையும் ஒரே கிளாஸ்ல போட்டுக் குடிக்கிற ஆளை இப்பதான் பாக்கறேன்."

இவர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "இப்படியே போனா அடுத்த மாசம் விரலை எடுக்கணும். விரலோட நிக்கும்னும் சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஃபாக்டரில ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. நோயாளின்னு தெரிஞ்சா தூக்கி நாற்காலில உக்கார வெச்சிடுவான்." மெஷின் சத்தம் இல்லாமல் இவருக்கு ஒரு நாள் போகாது. சரி என்றேன்.

இன்று மாலை வந்ததும் வராததுமாக: பத்தொன்பதாம் தேதி ஃபாக்டரி ஜி.எம்.முக்கு வழியனுப்பு விருந்து. அவர் கான்பூருக்கு மாற்றலாகிப் போகிறார். விருந்து நம் வீட்டில்.

"ஏன் நம்ம வீட்டுல?"

"உன் குட்டி கிளாஸ் இல்லாத விருந்து வேண்டாம்னுட்டார், சரோஜா. நான் என்ன பண்ண?"

ஆகஸ்ட் 12, சனி

மழை இல்லை.

சோதனை: மஞ்சள்.

இந்தக் குட்டி கிளாஸ் வியாபாரம் புத்தாண்டு விருந்தில் தொடங்கியது. போன வருஷம் மதுவிலக்கை எடுத்துக் கடைகளைத் திறந்த பிறகு எல்லா வீட்டு விருந்திலும் புட்டி வந்துவிட்டது. பெண்கள் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். வீட்டில் கமர்கட்டு கிடந்தது. கரைத்து, தேங்காய்ப் பால் விட்டேன். இவர் ரம்மை ஊற்றினார். கண்ணாடித் தம்ளர் போதாமல் மருந்துக்கடை அவுன்ஸ் கிளாஸில் கொடுத்தோம். ஒரே மடக்கு. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு மிட்டாய். ஒருவருக்கு இஞ்சி மரப்பா. ஒருவருக்குக் கோயில் வாசல் ரோஸ் சர்பத். ஒருவருக்கு அவர் அம்மா வைத்த ஜவ்வரிசிப் பாயாசம். ஐம்பது வயது ஆண்கள், ஒரு மடக்கு உள்ளே போனதும் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கிறார்கள். நான் அடுப்பங்கரையில் நிற்கிறேன்.

ஜி.எம். திருநெல்வேலிப் பக்கம். அவருக்குக் கருப்பட்டி மிட்டாய். தேர்த் திருவிழாவில் ஓலைக் கொட்டானில் வைத்துத் தருவார்களாம். அந்த ருசி கிளாஸில் வர வேண்டுமாம்.

இன்று முதல் முயற்சி. கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி, சூட்டோடு பாலை விட்டேன். திரிந்தது. இரண்டாவது முறை தேங்காய்ப் பால், ஏலம், ஒரு கரண்டி நெய். மணம் சரியாக வந்தது. ஐஸில் வைத்ததும் நெய் மேலே வெள்ளைப் பொருக்காக உறைந்துவிட்டது. பி.ஏ. வரலாறு இதற்கெல்லாம் உதவாது.

வீட்டு வேலைக்கு வரும் கன்னியம்மா பாத்திரம் தேய்த்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாம்மா, கருப்பட்டிய காச்சிகினு கீறே? யாருக்கு சளி?"

"அடுத்த சனிக்கிழமை விருந்து."

"அத்தோட இன்னாத்த ஊத்துவே?"

புட்டியைக் காட்டினேன்.

"ஐயே! எங்கூட்டு ஆளு கடையிலயே அப்டியே கவுத்துகினு வர்றான். உங்காளுங்களுக்கு மட்டும் மிட்டாய் காட்டி ஊட்டி உடணுமா? கொயந்தப் புள்ளைங்களா அதுங்க?"

புட்டியை மூடி அலமாரியில் வைத்தேன்.

நான் ருசி பார்ப்பதில்லை. சாமிக்குப் படைக்கும் முன் நாக்கில் வைக்கக் கூடாது என்று அம்மா வீட்டில் வளர்த்த வளர்ப்பு. உப்பு, புளி, எல்லாம் மணத்தில்தான். அதிலும் இது மது. அதனால் ருசி பார்க்கிற வேலை எப்போதும் இவருடையது. இன்றும் நெய்யை எடுத்துவிட்டு மூன்று முறை கலந்தேன், மூன்று முறையும் குடித்தார்.

"இன்னும் கொஞ்சம் கருப்பட்டி போடு."

போட்டேன். போட்டுவிட்டு அவர் கால்விரலைப் பார்த்தேன். கட்டுத் துணியில் ஈரம்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

சோதனை: செங்கல்.

சோதனைக் குழாயைக் கொண்டுபோய் இவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து மூணு கிளாஸ்."

"ருசி பாக்க வேணாமா? ஜி.எம்.முக்கு எதையாவது ஊத்திக் குடுக்க முடியுமா?"

"விருந்தை நிறுத்துங்க."

"என்ன காரணம் சொல்ல?"

"எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க."

"உடனே பத்து பேர் உன்னைப் பாக்க வருவான். அவங்களுக்கும் நீதான் காபி போடணும்."

உண்மைதான். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு அழுகையும். துணி துவைத்தேன்.

விருந்தன்று இதைவிட மோசமாகும். இந்தக் கூட்டத்தில் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொரு வகையிலும் முதல் கிளாஸை வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் குடித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். இவருடைய சிநேகிதர் குப்புசாமி வேடிக்கைக்கு ஆரம்பித்தது. இப்போது சட்டமாகிவிட்டது. வகைக்கு ஒன்று, பிறகு உபசாரத்துக்கு, பிறகு பிரிவுக்கு.

மதியம் சாம்பார் அடிப்பிடித்தது. அதையே சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

ஃபாக்டரியில் கொடியேற்றி, இனிப்புக் கொடுத்து அனுப்பினார்கள். "நான் வாங்கலையே" என்றார். சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் பூந்தி உதிரி, எறும்போடு.

எறும்பைத் தட்டிவிட்டுத் துவைத்தேன். கேட்கவில்லை. நாற்பத்தைந்து வயதில் இன்னொருவர் சட்டைப் பையைச் சோதிப்பது அவமானம். அவருக்கா எனக்கா, தெரியவில்லை.

சோதனை: செங்கல்.

ஆகஸ்ட் 16, புதன்

இன்று செய்தேன். எழுதிவிடுகிறேன்.

இவர் வேலைக்குப் போன பிறகு, கன்னியம்மாவும் போன பிறகு, வாசல் கதவைத் தாழிட்டேன். கருப்பட்டிப் பாகு, தேங்காய்ப் பால், ரம். இவர் சொல்லிச் சொல்லி முடிவான அளவு. அவுன்ஸ் கிளாஸில் ஊற்றி, நின்றபடியே வாயில் விட்டேன்.

முதலில் இனிப்பு. பிறகு தொண்டையில் சூடு. கண்ணில் தண்ணீர். ஹாஸ்டலில் கொடுத்த இருமல் மருந்துக்கு அண்ணன் மாதிரி. தலை சுற்றும் என்று நாற்காலியைப் பக்கத்தில் போட்டிருந்தேன். சுற்றவில்லை.

ஆனால் அந்த இனிப்பு! நாக்கில் ஒட்டிக்கொண்டு போகவே இல்லை. திகட்டல். இத்தனை மாதமாக இதையா எல்லோருக்கும் கொடுத்தேன்? ஒருவர்கூடச் சொல்லவில்லை. குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்பார்கள். அது ரம்மின் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னும் கொஞ்சம் போடு, இன்னும் கொஞ்சம் போடு. இவர் நாக்கு கேட்டதை ஊர் நாக்கு என்று நம்பிவிட்டேன்.

பாதிக் கருப்பட்டி போட்டுத் திரும்பக் கலந்தேன். கொஞ்சம் சுக்கு. ஒரு கல் உப்பு. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

மாலை வந்ததும் அடுப்பங்கரைக்குத்தான் நேராக வந்தார்.

"எங்கே, இன்னிக்கு வெச்சியா? குடு பாக்கலாம்."

"ருசி பாத்தாச்சு."

"யாரு?"

"நான்."

சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"குடிச்சியா?"

"ஒரு கிளாஸ். அப்புறம் பாதி."

"அப்ப எனக்கு வேலை இல்லையா?"

"இல்லை."

வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். பேப்பரில் ஒரே பக்கத்தைப் பிரித்து வைத்தபடி வெகுநேரம். அவரிடமிருந்து எதையோ பிடுங்கிவிட்ட மாதிரி இருந்தது. பிடுங்கத்தான் செய்தேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

சோதனை: மஞ்சள். இரண்டு நாள் ருசி பார்க்காததற்கு.

பூந்தமல்லியில் வாங்கியது: கருப்பட்டி, பன்னீர், ஜவ்வரிசி, சுக்கு, பீட்ரூட்.

பீட்ரூட் விருந்துக்கு இல்லை.

குப்புசாமி அண்ணன் ஸ்கூட்டரில் வந்தார். ஃபாக்டரியில் இவருடன் ஒரே பிரிவில் வேலை. ஆவடியிலேயே நிலம் நீச்சோடு இருந்த குடும்பம். இவரை மச்சான் என்பார், என்னைத் தங்கச்சி.

"ஐஸுக்குக் கவலப்படாத தங்கச்சி. குமணன்சாவடில நம்ம ஆளு கீறான். மரத்தூள்ல கட்டி கொண்ணாந்துர்றேன்."

"மீன் ஐஸ் வேண்டாம் அண்ணே."

"ஒரு வாட்டி வாட அடிச்சதுக்கு இன்னும் சொல்லிகினு கீறியே! அன்னிக்குத்தான் சர்பத்து ருசியே வந்துச்சு." கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினார். "மச்சான் இன்னா நொண்டிகினு நடக்குறாரு?"

"ஷூ கடிச்சிடுச்சு."

நாக்கு நுனி வரை வந்தது. இவருக்குக் கொடுத்த வாக்கு. விழுங்கிவிட்டேன். பொய் சொல்லவில்லை, பாதி சொன்னேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு. காலை

நேற்று எழுத முடியவில்லை. இடுப்பு விட்டுப்போச்சு. வீடெல்லாம் சிகரெட் நாற்றம். கிளாஸ்களைக் கன்னியம்மா கழுவுகிறாள்.

இவருக்குத் தனியாக வைத்தேன். கருப்பட்டிக்குப் பதில் சுக்கும் மல்லியும் வறுத்துக் கொதிக்க வைத்த தண்ணீர். ரோஸ் சர்பத்துக்குப் பதில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர், ஒரு சொட்டுப் பன்னீர். பாயாசத்துக்குப் பதில் நீர்மோர். மூன்றிலும் கிளாஸ் விளிம்பில் மட்டும் ரம்மைத் தொட்டுத் தடவினேன், மணத்துக்கு. தட்டில் என் பக்கத்து மூலையில் அவர் கிளாஸ். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

முதல் சுற்று. குப்புசாமி எழுந்து நின்று, "ஊட்டுக்காரரு மொதல்ல! தங்கச்சி வெசம் வெச்சிருந்தா நமக்குத் தெரியணுமில்ல?" எல்லோரும் சிரிப்பு. மூலைக் கிளாஸை எடுத்து நீட்டினேன். நானே பொறுக்கி எடுத்ததை ஜி.எம். மனைவி பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

இவர் ஒரே மடக்கில் குடித்தார். கண்ணை மூடினார். "ஆகா. சும்மா கம்முனு எறங்குது."

மற்றவர்கள் எடுத்தார்கள். ஜி.எம். குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. "இது அதேதாம்மா. கொட்டானை நக்கிக்கிட்டே தேர் பின்னால போவோம்" என்றார். இன்னொன்று கேட்டார். யாரும் தண்ணீர் கேட்கவில்லை. பாதி இனிப்பு போதும் என்று எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது சுற்று, ரோஸ். தட்டோடு திரும்புவதற்குள் குப்புசாமியின் கை மூலைக்குப் போய்விட்டது. இவர் அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி.

"டேய், ஊட்டுக்காரன் கிளாஸ்ல கை வெக்கிறியா?"

"எல்லாம் ஒரே பானைல ஊத்தினதுதானே மச்சான்?"

"அப்ப உன்னுத எடுத்துக் குடி!"

மறுபடி சிரிப்பு. பீட்ரூட் தண்ணீரைக் குடித்தார். உதட்டை நக்கினார். மூன்றாவது சுற்றில் மோரையும். "பாயாசம் டாப்பு" என்று ஜி.எம்.மிடமே சொன்னார்.

எல்லோரும் போன பிறகு வேட்டியை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டார்.

படுக்கையில் எனக்கு ஒரே யோசனை. மோரையும் பாயாசத்தையும் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு நாக்கு போய்விட்டதா? அப்படியானால் நோய் நான் நினைத்ததைவிட ஆழம். தெரிந்திருந்தால் ஏன் சும்மா இருந்தார்? கோபமா? இனி வெளியே போய்க் குடிப்பாரா? கேட்கப் பயமாக இருக்கிறது. ஒருவேளை சபைக்காக மட்டும் கையைத் தட்டிவிட்டிருக்கலாம்.

சோதனை: பச்சை.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஒருவழியாக மழை. வாசல் பூராவும் சேறு. பால் தாமதம்.

சோதனை: பச்சை.

காலையில் விரலுக்குக் கட்டுப் போட்டேன். ஓரத்தில் கொஞ்சம் காய்ந்திருக்கிற மாதிரி. மாதிரிதான். குனிந்திருந்ததால் அவர் முகம் தெரியவில்லை.

"யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"எது?"

"மோர்."

பஞ்சைக் கீழே வைத்தேன்.

"யாருக்கும் தெரியாது."

"குப்புசாமிக்கு?"

"அவருக்கும் தெரியாது."

முடிச்சுப் போட்டு முடித்தேன். காலுறையை மெதுவாக மாட்டினார். குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார்.

"மோர்ல உப்புப் போட மறந்துட்டே. அடுத்த தடவை பாத்துப் போடு."