நாலு கம்பி கித்தாரும் கிள்ளான் மெட்டும்

பெட்டியைத் திறந்ததும் வார்னிஷ் வாடை குப்பென்று அடித்தது. உன் மேண்டலினை முதன்முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டினாயே, அன்று அடித்த அதே வாடை. நீதான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டேன். தெரிந்தால் சிரிப்பாய்.

புதுக் கித்தார் வாங்கியிருக்கிறேனப்பா. பழையது இந்த மழையில் பசை விட்டு முதுகு பிளந்து போயிற்று. பத்து ரோட்டில் இருக்கும் சீனர் வாத்தியக் கடையில் மலிவாக ஏதாவது காட்டச் சொன்னேன். இதை எடுத்து நீட்டினார். ஆறு கம்பி இருக்கவேண்டிய இடத்தில் நாலே கம்பி. மீதியை எலி தின்றுவிட்டதா தவுக்கே என்று கடை முதலாளியைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இதற்கு டெனர் கித்தார் என்று பெயர், பாஞ்சோ வாசிக்கிறவர்களுக்காகச் செய்தது என்று பொறுமையாக விளக்கினார்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? உடம்பு சின்னது, மடியில் பூனைக்குட்டி மாதிரி அடங்கிவிடுகிறது. கம்பியை முறுக்கும் முடுக்காணி ஒன்று பிடிமானமில்லாமல் நழுவுகிறது, பாட்டு முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும். கம்பிகள் பலகையை விட்டு உயரமாக நிற்பதால் விரல் நுனியெல்லாம் எரிச்சல். ஆனால் குரல் நல்ல குரல். கணீரென்று, கொஞ்சம் மூக்கால் பேசுகிறது. விலைக்கு மோசமில்லை என்றுதான் நீயும் சொல்லியிருப்பாய், வேண்டிய மட்டும் குறை சொன்ன பிறகு.

விலைக்காக மட்டும் நான் வாங்கவில்லை. இதற்குச் சுருதி சேர்க்கிற முறை உன் மேண்டலினுக்கு உள்ளதேதான், கொஞ்சம் கீழே இறக்கியது. கடையில் அதைக் கேட்ட பிறகு வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. மழை பெய்தால் வாசல் தாண்டி வர இருவருக்கும் சோம்பல். அவரவர் வீட்டிலிருந்தே வாசிப்போம். வேலை முடிந்து வந்து நீ ரயில் கார்டு உடுப்பைக் கழற்றும்போதே சுவர் வழியாகக் குரல் வரும். "நீ ஆரம்பிச்சிடு. நான் வந்து சேந்துக்கிறேன்." நான் கித்தாரில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பேன். பாட்டு உன்னுடையது, தாளம் என்னுடையது. அதில் நமக்குள் சண்டையே வந்ததில்லை.

கிள்ளானில் மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகம் பார்க்கப் போய், இடமில்லாமல் கொட்டகைக்கு வெளியே நின்றோமே, நினைவிருக்கிறதா? படுதாவுக்குப் பின்னாலிருந்து வந்த ஒரு மெட்டை நீ அங்கேயே பிடித்துக்கொண்டாய். திரும்பும் ரயிலில் என்னை வாயைத் திறக்க விடவில்லை, பேசினால் மறந்துவிடுமாம். வழியெல்லாம் நீ முனகிக்கொண்டு வந்ததைப் பார்த்து எதிரே இருந்தவர் பல்வலியா என்று என்னைக் கேட்டார். வீட்டுக்கு ஓடிப்போய், கால் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மேண்டலினை எடுத்தாய். அதற்குப் பிறகு கல்யாண வீடோ கிறிஸ்துமஸ் வீடோ, எங்கே கூப்பிட்டாலும் நமக்கு முதலில் அந்த மெட்டுதான்.

காய்ச்சல் முற்றி உன்னை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றியபோதும் நீ சொன்னது அதேதான். நீ ஆரம்பிச்சிடு, நான் வந்து சேந்துக்கிறேன். நானும் சரி என்று தலையாட்டினேன்.

நீ போன பிறகு மேண்டலினை உன் மனைவி ஊருக்குக் கொண்டுபோய்விட்டாள். அதுதான் முறை. உன் வீட்டில் இப்போது ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலை செய்கிற ஒருவரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள். ஒண்டிக்கட்டை என்று எனக்கு அவ்வப்போது குழம்பு வரும்.

கித்தார் வந்ததிலிருந்து சாயங்காலமானால் அந்தச் சுவரோரம் உட்கார்ந்து கிள்ளான் மெட்டுக்குத் தாளம் போடுகிறேன். உனக்கு இடம் விட்டு விட்டுத்தான் வாசிக்கிறேன். வேறு மாதிரி வாசிக்க எனக்குத் தெரியாதே. நேற்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் கேட்டாள்:

"அண்ணே, தினமும் தாளம் மட்டுந்தான் கேக்குது. பாட்டு எப்ப வரும்?"

முடுக்காணி சரியில்லை அம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வெகுநேரம் அழுதேன்.

இன்று கதவைச் சாத்திக்கொண்டு பாட்டை வாசித்துப் பார்த்தேன். நான் கற்றவனல்ல. ஆனால் இத்தனை வருஷமும் உன் இடது கையைப் பார்த்துக்கொண்டுதானே தாளம் போட்டேன்? சுண்டுவிரலைத் தூக்கிவைத்துக்கொண்டு நீ மோதிரவிரலை எட்டிப் போடுவது அப்படியே கண்ணில் இருக்கிறது. உன் விரல் போன இடமெல்லாம் என் விரலும் போயிற்று. மெட்டு நொண்டி நொண்டி வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. நான் கடைசி வரை வாசித்தேன்.

ஆரம்பித்துவிட்டேனப்பா. பாட்டு வந்துவிட்டது. இப்போது தாளத்துக்குத்தான் ஆளில்லை.