தூங்கும் செங்காந்தளுக்குத் தண்ணீர் வேண்டாம்

என்னங்க,

கடைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடுங்கள். நேற்றைய கோபத்தை அதன்மேல் காட்டாதீர்கள். வெளியே போனால் சாவி எதிர்வீட்டு அக்காவிடம்.

மாடிப் பூந்தொட்டியில் இன்றைக்கும் தண்ணீர் தேங்கி நின்றது. நம் மகள் நட்டுவிட்டுப் போன செங்காந்தள் சாகவில்லை. பூத்து ஓய்ந்ததும் கொடி காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் தூங்கி, மழைக்குத் தானே முளைக்கும். இப்போது ஊற்றினால் அழுகிவிடும். தோண்டியும் பார்க்காதீர்கள், குத்தூசி விட்டுச் சரக்குப் பார்க்க அது என்ன அரிசி மூட்டையா?

நேற்று இதைச் சொன்னதற்கு, "கடைசியில பிள்ளை தண்ணி கேட்டப்போ டாக்டர் குடுக்கக் கூடாதுன்னுட்டார். இதுக்காவது ஊத்துறேன், விடு!" என்று கத்தினீர்கள். எவன் என்ன விலை சொன்னாலும் பாதிக்குக் கேட்கிற வாய் என்னுடையது. அந்தப் பேச்சோடு மட்டும் பேரம் பேசாமல் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டேன்.

தொட்டியைச் சாய்த்துத் தண்ணீரை வடித்துவிட்டேன். மழை வரும்வரை தொடாதீர்கள்.

பி.கு.: ஊற்றாமல் கை கேட்கவில்லையென்றால், சொம்பை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். நானும் அவளைப் பெற்றவள்தான், காய்ந்துபோய்த்தான் கிடக்கிறேன்.