அவள் இல்லை என்று சொன்னேன்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சின்னவனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம், நலம் என்று எழுதப் போனால் பேனா நகர மாட்டேன் என்கிறது. போனில் நீ ஒவ்வொரு முறையும் ரிசல்ட் வந்துச்சாம்மா என்று கேட்கிறாய், நான் வரும் வரும் என்று மழுப்பிவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன், அவர் உன் ஊர்க் குளிரை விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறார். ரிசல்ட் வந்து நாளாகிவிட்டது. வாயால் சொல்ல என்னால் முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வேலைக்கு ஓடும் அவசரத்தில் இதைப் படிக்காதே, உட்கார்ந்து படி.

அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். வீட்டு ஃபிரிட்ஜை நிறுத்தி வயரைச் சுருட்டி வைத்துவிட்டார். அதிலிருந்து வாயு வருகிறதாம், மூக்கு எரிகிறதாம். பக்கத்து வீட்டு மெக்கானிக் வந்து, வீட்டு ஃபிரிட்ஜில் அந்த வாயுவே கிடையாது சார் என்று தலைகீழாக நின்று சொன்னார், கேட்டால்தானே. இப்போது பாலை இரண்டு வேளையும் வாங்குகிறேன், மிச்சமான சோற்றைக் கொட்டுகிறேன். முன்பென்றால் ஒரு பிடி பிடித்திருப்பேன், இப்போது சண்டை போடக்கூட இந்த வீட்டில் தெம்பில்லை.

உனக்குப் பாதி தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன், துண்டு துண்டாகச் சொன்னால் எனக்கே குழம்பிவிடும். உன் தங்கை பில் போடும் வேலை பார்த்த அந்தக் குளிர்பதனக் கிடங்கில் குழாய் வெடித்து அமோனியா வாயு கசிந்தது, உள்ளே இருந்தவர்களும் விழுந்தார்கள், அவர்களை இழுத்துவர ஓடிய வெளியாட்களும் விழுந்தார்கள். தலை முதல் கால் வரை மூடிய உடுப்புப் போட்ட தீயணைப்புக்காரர்கள்தான் கடைசியில் எல்லோரையும் வெளியே கொண்டுவந்தார்கள். யாரையும் அப்படியே அனுப்பக் கூடாதாம், துணியிலும் முடியிலும் இருக்கிற நஞ்சு தூக்குகிறவர்களையும் சாய்த்துவிடுமாம். அதனால் வாசலிலேயே கூடாரம் போட்டுத் துணியைக் கத்தரித்து, சங்கிலி, வாட்ச், அடையாள அட்டை, கண்ணாடி எல்லாவற்றையும் தடித்த பைகளில் போட்டு சீல் வைத்து, முடியை ஒட்ட வெட்டி, குழாய்த் தண்ணீரில் கழுவி அனுப்பினார்கள். அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் பைகளை ஒரு லாரியிலும் ஆட்களை ஒரு லாரியிலும் ஏற்றியவர்கள், எந்தப் பை யாருடையது என்று ஒரு எண் எழுத மறந்துவிட்டார்கள். மூச்சு இருந்தவர்களை ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனார்கள், மூச்சு இல்லாதவர்கள் விளையாட்டு அரங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது எல்லோரும் வெள்ளைத் துணிக்குள் ஒரே மாதிரிதான்.

அரங்கத்தின் கேட்டில் நாங்கள் அத்தனை பேரும் நின்றோம். தடயவியல் டாக்டரம்மா ஒருத்தி வெளியே வந்தாள், உன் வயதுதான் இருக்கும். முகம் எல்லாம் வெந்து வீங்கியிருக்கு, பெத்தவங்க கண்ணே ஏமாத்தும், ரத்தம் குடுங்க, பல்லுக்கு எடுத்த எக்ஸ்ரே இருந்தா கொண்டு வாங்க, கொஞ்ச நாள் பொறுங்க என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்கு முதல் குரல் கொடுத்தது யார் தெரியுமா, வீட்டில் அதிர்ந்து பேசாத உன் அப்பா. எங்க பிள்ளைய எங்களுக்குத் தெரியாதா, கதவைத் திறங்க என்று கத்தினார். அவ்வளவுதான், கூட்டம் முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது, கேட்டைப் பிடித்து ஆட்டினார்கள், பெரிய அதிகாரி பயந்துபோய்த் திறந்துவிட்டார். திறந்ததும் உன் அப்பாவுக்குக் கால் வரவில்லை. நீ போய்ப் பாரு என்றார். நான் போனேன்.

தரையில் பூப்பந்துக் கோடுகள் அப்படியே இருந்தன, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். ஒரு பெண்ணின் முன்னால் நின்றேன். நீ உன் தங்கையைச் சோடாபுட்டி சோடாபுட்டி என்று அழவைப்பாயே, அந்தக் கண்ணாடி இல்லாமல் அவள் முகத்தை நான் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது, தூங்கும்போதுகூடக் கழற்ற மறந்துவிடுவாளே. கண்ணாடி இல்லை, முடி இல்லை, இமை மூட முடியாமல் வீங்கிய ஒரு முகம். இதுவாம்மா என்று அங்கே நின்ற ஆள் கேட்டான். இல்லை, இது எங்க பொண்ணு இல்லை என்று சொன்னேன். சந்தேகமே இல்லாமல் சொன்னேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி ஓட்டமாக வெளியே வந்தேன், நம்ம பொண்ணு இதுல இல்ல, ஏதோ ஆஸ்பத்திரியில இருக்கா என்று உன் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். இரண்டு பேரும் ரோட்டோரம் நின்று டீ குடித்தோம். அங்கிருந்துதான் உனக்குப் போன் செய்தேன், நீயும் அழுதுகொண்டே சிரித்தாய்.

நான் நகர்ந்த பிறகு வேறு ஒரு அம்மா அதே இடத்தில் நின்று, இது என் மகள் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் பெண்ணும் அதே கிடங்கில் வேலை பார்த்தவள்தான். மறுநாளே எரித்துச் சாம்பலையும் ஆற்றில் விட்டாகிவிட்டது. அந்த டாக்டரம்மா மட்டும் கதவு திறப்பதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட்டு, வாயில் பஞ்சுக் குச்சியால் ஒரு தொடு தொட்டு எடுத்து வைத்திருக்கிறாள். அவள் மனம் நோகக் கூடாதே என்று பிறகு நாங்கள் கொடுத்த ரத்தம் அந்தக் குச்சியோடுதான் ஒத்துப்போயிருக்கிறது. இல்லை என்று நான் சொன்னேனே, அவள்தான் நம் பெண்.

பிணவறையில் இப்போது ஒரே ஒரு பெண் மிஞ்சியிருக்கிறாள். அந்த அம்மாவின் மகளாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அந்த அம்மா ரத்தம் கொடுக்க மறுக்கிறாள். நான் அவள் வீடு தேடிப் போனேன். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, நான் பாத்த முகம் என் பொண்ணு முகம், மறுபடி ஒரு தடவ அவளைச் சாகடிக்காதீங்க என்றாள். பிறகு, உங்க பொண்ணுன்னா நீங்க ஏன் அன்னிக்கே சொல்லல என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லையடா. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பெண்ணையாவது நாங்கள் எடுத்து அடக்கம் செய்கிறோம் என்று உன் அப்பா அலுவலகத்தில் போய்க் கேட்டார், உங்களுக்கு உரிமை இல்லை சார் என்று அனுப்பிவிட்டார்கள். அன்று நான் கத்தாமல் இருந்திருந்தால் கதவு திறந்திருக்காது என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

நீ டிக்கெட் எடுக்காதே. வந்து பார்ப்பதற்கு இங்கே ஒன்றும் இல்லை. இருக்கிற லீவைச் சின்னவனோடு கழி, அவனைத் திட்டாதே. அவள் அறையைப் பெருக்கி மூடி வைத்திருக்கிறேன்.

டாக்டரம்மாவிடம் அந்தப் பஞ்சுக் குச்சியைக் கேட்டேன். வெட்கம் பார்க்காமல் கேட்டேன். அது கேஸ் சாட்சிம்மா, வழக்கு முடியற வரைக்கும் யாருக்கும் தர முடியாது என்றாள். எப்ப முடியும் என்று கேட்டேன், என் கையைப் பிடித்துக்கொண்டாள், அதிலேயே தெரிந்துவிட்டது, நாங்கள் இருக்கும்வரை முடியாது.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் கண்ணெதிரே ஒருவராக, நெடுங்காலம் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. வழக்கு முடிந்ததும் நீ போய் அதைக் கேட்டு வாங்கு. விரல் நீளக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்திருக்கிறார்கள், மேலே எண் ஒட்டியிருக்கும், நாற்பத்தொன்று. நன்றாகப் பார்த்து, இவள்தான் என்று சொல்லி வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரின் அம்மா