மருதன் பெயரில் ஓர் ஒப்புதல்

செவ்வாய், மேற்குத் தளம். பதிவு: பொறியாளர் பொற்கொடி. தனியாள்.

நாள் 211, 08:10
ஆக்சிஜன் 20.9 சதவீதம். காற்று ஆலையின் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்தது; வழக்கம்போல் தானே நிறுவிக்கொண்டது. ஒப்புதல்: மருதன். அவன் இறந்து இரண்டு வருடம். ஆலைக்கு நிரல் எழுதியவன் என்பதால் அவன் கணக்கை நாங்கள் மூடவில்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் குழுவில் ஒருவர் அவன் பெயரில் ஒப்புதல் இடுவார், படத்துக்கு மாலை போடுவதுபோல.

நாள் 211, 13:40
18.9. ஆலை நின்றுவிட்டது. எந்தக் கட்டளையையும் ஏற்கவில்லை. பூமியிலிருந்து எங்கள் குழுவின் ஜெபசிங்கின் குரல், பதினான்கு நிமிடப் பழசு:
"யக்கா, இன்னிக்கு மருதண்ணன் பேர்ல நாங்க யாரும் எதுவும் போடல. நம்ம கோடு வச்சிருக்க வெப்சைட்டுல ஓட்டை. பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு அண்ணன் ஈமெயிலோட தன் ஈமெயிலையும் சேத்துக் குடுத்தா, ரெண்டுக்குமே லிங்க் போவுதாம். எவனோ உள்ள பூந்துட்டான்."
மற்றவர்களின் கணக்குக்குக் கைபேசி எண் என்ற இரண்டாம் பூட்டு உண்டு. மருதனின் எண் துண்டிக்கப்பட்டதும் அவனுடைய பூட்டைக் கழற்றியவள் நான். சொந்தக் காசில் சூனியம்.

நாள் 212, 07:05
12.2. அந்தப் பதிப்பு முதல் வேலையாக, பூமியிலிருந்து திருத்தங்களை வாங்கும் வழியை அடைத்திருக்கிறது. மூடியைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். நகம்தான் பெயர்ந்தது. பயமாக இருக்கிறது. மருதன்மேல் கோபம் வருகிறது. செத்தவன்மேல் என்ன கோபம்.

நாள் 212, 11:30
10.6. தலை பிளக்கிறது. கிழக்குத் தளத்தில் ஆறு பேர், இதே ஆலை; அந்தப் பதிப்பு அங்கே இன்னும் போகவில்லை. அவர்களுக்குச் செய்தி பூமி வழியாகத்தான் போகும். மருதன் கணக்கை மூடிவிட்டார்களாம். என் கைபேசி பூமியில் கிடக்கிறது. என் கணக்கிலும் இரண்டாம் பூட்டு இல்லை. அனுப்பினேன்: "ஜெபசிங், என் கணக்க மூடு. அப்புறமா அழு."

நாள் 212, 12:02
பதில்:
"யக்கா, ஓட்டைய அடைச்சிட்டாங்களாம். உங்க கணக்க மூட இங்க யாருக்கும் மனசு வரல. உங்க பேரு இருக்கட்டும்க்கா. இனிமே எல்லாப் பதிப்புலயும் மருதண்ணனுக்குப் பதிலா நீங்கதான்."

12:09
10.4. பூமி அனுப்பும் பதிப்புகளின் பட்டியலில் புதிதாக ஒன்று. கிழக்குத் தளத்துக்கு. ஒப்புதல் என் பெயர். நான் இடவில்லை
ஓட்டையை அடைக்கும் முன்பே என் கணக்குக்குள் வந்திருக்கிறான்
ஜெபசிங் மூடு
இது உனக்குக் கேட்கப் பதினான்கு நிமி