ரீச்சருக்காக நிற்கும் பஸ்

பெப்ரவரி 10, திங்கள்

இன்றும் பிந்திவிட்டேன். ஏழு மணி மினிபஸ் உடுப்பிட்டியிலிருந்து நேரத்துக்குத்தான் வெளிக்கிட்டது. பிறகு வழக்கம்போல ஞானாம்பிகை ரீச்சரின் ஒழுங்கை முகப்பில் நின்றுவிட்டது. றைவர் ஹோர்ன் அடித்துவிட்டுக் காத்திருந்தார். ரீச்சர் குடையும் கைப்பையுமாக, சேலை கசங்காமல் நடந்து வந்து முன் சீற்றில் அமர்ந்தார். றைவரின் மகளுக்கு அவர் ஸ்கொலஷிப் சோதனைக்குச் சும்மா படிப்பிக்கிறார். அதற்குச் சம்பளம் கொடுப்பது நாங்கள், எங்கள் காலை நேரத்தால்.

யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்யும் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் சனம் வெறும் வயிற்றோடு காத்திருந்தது. சீனி வருத்தக்காரக் கிழவர் ஒருவர் பசியில் சுவரோடு சாய்ந்திருந்தார். ஊசி குத்தும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முதலாளி சண்முகநாதன் ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று அவர்தான் முடிவெடுப்பார்.

பெப்ரவரி 11

அதே கதை. வேலைக்கு வந்த நேரத்தைப் பதிய விரல் வைத்ததும் மெஷின் நன்றி சொல்கிறது. நக்கல்.

பெப்ரவரி 13, வியாழன்

இன்று வேலையே செய்யவில்லை. ஐயா வாசலிலேயே மறித்துவிட்டார்.

"உமக்குப் பதிலா வேறை பிள்ளை இரத்தம் எடுக்குது. நீர் வீட்டை போம். நாளைக்கு நேரத்துக்கு வாறதெண்டா வாரும்."

பதினைந்து பேருக்கு முன்னால். இரத்தினம்மாக்கா என்னோடு அதே பஸ்ஸில்தான் வந்தார். எங்கள் நிலையத்தைக் கூட்டிக் கழுவுகிறவர். அவருக்கு மெஷின் இல்லை. பின்கதவால் நுழைந்து விளக்குமாற்றைத் தூக்கிவிட்டதால் தப்பினார். "பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்" என்றார். குடிக்கவில்லை.

ஒரு ரீச்சரின் சேலை மடிப்புக்காக நான் ஏன் வேலையை இழக்க வேண்டும்?

பெப்ரவரி 14, வெள்ளி

எழும்பிக் கேட்டுவிட்டேன். பஸ் ஒழுங்கை முகப்பில் நின்றதும் முன்னால் போய்க் கேட்டேன். "ஒராளுக்காக நாங்கள் எல்லாரும் நிக்கோணுமோ?"

கொண்டக்ரர் டினேஸ் ரிக்கெற் கிழித்தபடி சொன்னான். "அவ்வளவு அவசரமெண்டா பலாலிக்குப் போய்ப் பிளேன் பிடியும், தங்கச்சி."

பஸ் முழுக்கச் சிரித்தது. என்னைப்போலவே பிந்துகிற சனம்தான், சிரிக்கிறது! அப்போதுதான் ஏறிக் கடைசி சீற்றில் இருந்த இரத்தினம்மாக்கா மட்டும் குனிந்துகொண்டார். சேர்ந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று அவர்மீதும் கோபம் வந்தது.

முறைப்பாட்டு இலக்கம் றைவரின் தலைக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது. மத்தியானம் அடித்தேன். என் பெயரும் சொன்னேன். ஏன் பயப்பட வேண்டும்?

பெப்ரவரி 18, செவ்வாய்

நிற்கவில்லை! ரீச்சர் பாதி ஒழுங்கையில் குடையை ஆட்டிக்கொண்டு நின்றார். பஸ் போய்விட்டது. எல்லாருக்கும் முதல் நான் வேலைக்கு வந்தேன்.

ஆனால் நிலம் கூட்டியிருக்கவில்லை. இரத்தினம்மாக்கா அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தார். ஐயா எல்லாருக்கும் முன்னால் ஏசினார்.

நான் ஒரு மொக்கு. ரீச்சருக்காகப் பஸ் நிற்கிற அந்த நேரத்தில்தானே இரத்தினம்மாக்காவும் ஒழுங்கைக்குப் பின்பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஓடி வந்து பஸ்ஸின் பின்கதவால் ஏறுவார். அவர்களுக்குச் சொந்தக் கிணறு இல்லை. பொதுக்குழாயில் விடியத்தான் தண்ணீர் வரும். நிரப்பி வைக்காமல் வெளிக்கிட ஏலாது. ஒவ்வொரு நாளும் கண்டனான். அவ ஓடி வாறதைக் கண்டனான். கண்டும் —

பெப்ரவரி 21, வெள்ளி

ரீச்சர் ஸ்கூட்டி வாங்கிவிட்டார். அச்சுவேலியில் எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போனார். ரோஸ் நிற ஹெல்மெற். அவ்வளவுதான், அவருடைய பிரச்சினை தீர்ந்தது.

இரத்தினம்மாக்காவுக்காகக் கொஞ்சம் நிற்பாட்டும்படி டினேஸிடம் கேட்டேன்.

"முறைப்பாடு குடுத்தது நீர்தானே. இப்ப சட்டப்படி ஓடுறம். இனி என்ன?"

அவன் சிரிக்கக்கூட இல்லை. ரீச்சருக்கு நிற்கலாம், கழுவ வருகிறவளுக்கு நிற்கக்கூடாது — இதுதான் இவர்களுடைய சட்டம். ஆனால் அந்தச் சட்டத்தை இவன் கையில் கொடுத்தது ஆர்?

பெப்ரவரி 25, செவ்வாய்

இரத்தினம்மாக்காவை வேலையால் நிற்பாட்டிவிட்டார்கள். அவர் அழவில்லை. கையுறையைக் கழுவிக் காயப்போட்டுவிட்டுப் போனார்.

ஐயாவின் அறைக்குள் போனேன். "ஐயா, அவ பிந்தினதுக்குக் காரணம் நான்" என்று தொடங்கினேன்.

அவர் நிமிரவில்லை. "உம்மடை கடிதம் கையெழுத்துக்கு வந்திருக்கு. அதைப் பழுதாக்காதையும்."

ஊரையெல்லாம் கேள்வி கேட்கிற வாய் என்னுடையது. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

பெப்ரவரி 28

நிரந்தரம். அம்மா கடிதத்தைச் சாமிப்படத்தடியில் வைத்து விபூதி பூசினா. ஏன் முகம் செத்துப்போய்க் கிடக்கு என்று கேட்டா. பஸ் களைப்பு என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஒழுங்கை முகப்பைத் தாண்டியதும் வெங்காயத் தோட்டம் ஒன்று. இரத்தினம்மாக்கா வரிசையில் குந்தியிருந்து வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தார். ஹோர்ன் கேட்டு நிமிர்ந்தார். கை காட்டுவதா, முகத்தைத் திருப்புவதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பஸ் கடந்துவிட்டது. இப்போது நல்ல வேகம்.

கூட்டுவதற்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. மத்தியானம் ஐயா சிரித்த முகமாகக் கூப்பிட்டார். "உங்கடை பக்கத்திலை ஆரும் இருந்தாச் சொல்லும். நேரத்துக்கு வாற ஆளா."

ஓம் ஐயா என்றேன்.