ஒரு சாண் வெளிச்சம்

மார்ச் 3, செவ்வாய்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். பதினொரு வருடம்! இனி எழுதப்போகிறேன். எழுதி முடித்ததும் என் முழுப் பெயரையும் மூன்று பட்டங்களையும் போட்டு, எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்போகிறேன்.

விஷயம் ஜன்னல் திரை. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

சொந்த வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். மூன்றாவது மாடி. படுக்கையறை ஜன்னல் கிழக்கு பார்த்தது. என் மனைவி ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ், எப்போதும் இரவுப் பணி. ஊர் எழுந்து வேலைக்குக் கிளம்பும்போது அவள் வந்து படுப்பாள். இன்று காலை ஒன்பது மணிக்கு எட்டிப் பார்த்தேன். ஜன்னலில் பழைய போர்வை தொங்குகிறது, அதையும் தாண்டி வெயில் கட்டில் வரைக்கும் வந்துவிட்டது, அவள் கண்ணைச் சுற்றித் துண்டு. பழைய வாடகை வீட்டிலும் இதே துண்டுதான். பதினொரு வருடமாக என் மனைவி கண்ணைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள்.

காரணம் ஒரு தையல்காரம்மா. அந்த வாடகை வீட்டு ஜன்னலுக்கு அன்று நான் எழுதிக் கொடுத்த அளவு என்ன, அவர் தைத்துக் கொடுத்த திரை என்ன! ஒரு சாண் குட்டை. அந்த ஒரு சாண் வழியாக வந்த வெளிச்சம் நேராகத் தலையணை மேல் விழுந்தது. கேட்டதற்கு, "நீங்க குடுத்த அளவுதான் சார்" என்றார். யாரிடம்? கல்லூரியில் கணிதம் நடத்துகிறவனிடம். "வேணும்னா அடியில ஒட்டுப் போட்டுத் தரேன்" என்றார். ஒட்டா? ஒட்டுப் போட்டால் தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடாதா? என் மனைவி தானே தைத்துக்கொள்கிறேன் என்றபோதும் கூடாது என்றுதான் சொன்னேன். கடையின் இணையப் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரமும் நாற்பது வரியும் போட்டேன். பெயரோடு, பட்டங்களோடு. இன்னும் அது முதல் இடத்தில்தான் இருக்கிறது. அவ்வப்போது எடுத்துப் படிப்பேன். நல்ல உரைநடை.

மார்ச் 4, புதன்

அவள் தூங்கியது மூன்று மணி நேரம் பத்து நிமிடம்.

மார்ச் 8, ஞாயிறு

மச்சான் வந்திருந்தார். மனைவியின் அண்ணன், டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், தரையைக் காலால் தட்டிப் பார்த்தார், கடைசியில் படுக்கையறை வாசலில் நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"என்ன மாப்ள, இந்த ஜன்னலுக்கும் அரை டிரவுசர்தானா?"

பதினொரு வருடமாக இதே நகைச்சுவை. கல்யாண வீடு, ஆஸ்பத்திரி வராந்தா, எங்கே பார்த்தாலும் இதுதான். ஒரு தடவையாவது புதிதாக யோசிக்கக் கூடாதா இந்த மனுஷன்?

"அளவெடுக்க ஆள் அனுப்பட்டுமா, இல்ல புரொபசரே எடுக்கறாரா?"

"நானே எடுக்கறேன்."

"அப்ப தங்கச்சி, அந்தத் துண்டத் தூக்கிப் போட்டுடாத. தேவைப்படும்."

நான் புரொபசர் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். துறைத்தலைவர் பதவிக்கு என்னைவிட ஆறு வருடம் இளையவனைப் போட்டார்களே, அதுவும் அதே வருடம்தான். திரையும் போச்சு, பதவியும் போச்சு. இரண்டையும் நான் மறக்கவில்லை.

அவள் சிரிக்கவில்லை. அதைக் கவனித்தேன். அண்ணன் இறங்கிப் போனதும் டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "அந்த அம்மாகிட்டயே குடுக்கலாம்" என்றாள்.

"எந்த அம்மா?"

"உங்களுக்குத் தெரியும்."

கத்தினேன். ஒப்புக்கொள்கிறேன், கத்தினேன். நாற்பது வரி எழுதியிருக்கேன்டி அந்தப் பொம்பளையப் பத்தி, போய் அவ வாசல்லயே நிக்கச் சொல்றியா? என்ன நினைச்சுக்கிட்டு இருக்கா இவ?

அவள் சத்தம் போடவில்லை. "பன்னண்டு மணி நேரம் நின்னுட்டு வரேன். எனக்கு இருட்டு வேணும். யாரு ஜெயிச்சாங்கன்னு வேணாம்."

மார்ச் 9, திங்கள்

அளவெடுத்தேன். இரும்பு டேப், ஏணி, பென்சில், ரசமட்டம். ஜன்னல் குழியின் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் பார்த்தேன். 147.8, 147.2, 146.9 சென்டிமீட்டர். கட்டடக்காரர் "நூல் பிடிச்ச மாதிரி சுவர் சார்" என்றாரே! நூல் எங்கே பிடித்தாரோ. உயரமும் மூன்று இடத்தில்; ஏறக்குறைய 172. மூலைவிட்டங்களையும் அளந்தேன், எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம். நம் ஊரில் எத்தனை பேர் ஜன்னலுக்கு மூலைவிட்டம் அளந்திருப்பார்கள்? இந்தத் தடவை என் காகிதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

மார்ச் 14, சனி

கடை பெரிதாகிவிட்டது. அப்போது இருந்தது ஒரே மெஷின், இப்போது ஆறு. அந்த அம்மாவுக்குத் தலை நரைத்திருக்கிறது. எனக்கு நரைக்கத் தலையில் ஒன்றும் மிச்சமில்லை, கண்ணாடி வேறு. அடையாளம் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் என் மனைவியிடம்தான் பேசினார். எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், எந்தப் பக்கம் தலை, வெயில் எத்தனை மணிக்கு ஜன்னலை விட்டுப் போகும். டாக்டர் மாதிரிக் கேட்டார். பிறகு சொன்னார்: "துணி எவ்வளவு கெட்டியா இருந்தாலும் ஓரத்துல வெளிச்சம் வந்துரும்மா. குழிக்குள்ள ஒரு சுருட்டுத் திரை, அதுக்கு மேல சுவரோட ஒட்டித் தரை வரைக்கும் ஒரு துணித் திரை. ராடு ரெண்டு பக்கமும் ஒரு சாண் நீளணும். மேல பெட்டி வச்சு மூடணும். அப்பத்தான் பகல் ராத்திரி ஆகும்."

என் காகிதத்தை நீட்டினேன். மூலைவிட்டங்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமா அளந்துட்டு வந்தவங்க யாருமில்ல சார்." இதை அவர் வாயாலேயே கேட்க வேண்டியிருந்தது. கேட்டேன். நெஞ்சு நிமிர்ந்தது.

அடுத்து, நான் மேலே பெரிதாக எழுதியிருந்த 172 × 147 என்பதில் விரலை வைத்தார்.

"இதுல எது சார் அகலம்?"

"ரெண்டாவது. மேலேர்ந்து கீழ எவ்வளவுங்கறது முதல்ல, குறுக்கே எவ்வளவுங்கறது அப்புறம். கணக்குல அப்படித்தான். முதல்ல நிரை, அப்புறம் நிரல்."

முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிய பழக்கம். அணிகள் பாடத்தில் முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவேன்.

அவர் அச்சடித்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அதில் ஒரு ஜன்னல் படம். குறுக்கே ஒரு அம்பு, அதன் மேல் 1. கீழ்நோக்கி ஒரு அம்பு, அதன் மேல் 2.

"எங்க தொழில்ல அகலம்தான் சார் முதல்ல. முன்னாடி இந்தப் படம் கிடையாது. ஒரு தடவை ஒருத்தர் மாத்திக் குடுத்துட்டார், நானும் கேக்காம தச்சுட்டேன். தப்பு என்னோடதுதான், கேட்டிருக்கணும். அதுக்கப்புறம்தான் படம் அடிச்சேன்."

"பாத்த உடனே தெரியலையா அது?" என் குரல்தானா அது?

"எப்படிச் சார் தெரியும்? மடிப்பு விழறதுக்காக அகலத்த எப்பவும் ரெட்டிப்பாத்தான் எடுப்போம். அதுல ஒரு சாண் கூடினா யாருக்கும் தெரியாது. உயரம் ஒரு சாண் குறைஞ்சாதான் ஊருக்கே தெரியும்."

பஸ்ஸில் திரும்பினோம். அவள் துணி மாதிரிகளை மடியில் விரித்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இன்னும் பிரிக்காத பெட்டிகளைப் பிரித்தேன். நாலாவது பெட்டியில் அந்தப் பழைய திரை, மிக்ஸியைச் சுற்றி. இரண்டு பாகத்தையும் தரையில் சேர்த்து விரித்து அளந்தேன். உயரம் 148. அகலம் 340.

340. இரண்டால் வகுத்தால் 170.

பழைய ஜன்னல் எனக்கு மனப்பாடம். உயரம் 170, அகலம் 148. நான் எழுதிக் கொடுத்தது 170 × 148.

மார்ச் 15, ஞாயிறு

மறுபடி அளந்தேன். 340.

மார்ச் 16, திங்கள்

துணி மாதிரிகளை ஜன்னலில் கிளிப் போட்டு மாட்டினோம். நான் சாம்பல் நிறம்தான் சரி என்று காரணங்களோடு விளக்கினேன். அவள் முடியும் வரை கேட்டுவிட்டு, மாதுளைத் தோல் நிறத்தில் ஒன்றை எடுத்தாள். "முழுக்க வெள்ளையும் பச்சையும் பாத்துட்டு வரேன். கண்ண மூடறதுக்கு முன்னாடி இதப் பாக்கணும்." ஆஸ்பத்திரிச் சுவர்களைச் சொல்கிறாள். இருபது வருடமாக அங்கே எத்தனையோ பேருக்கு மூச்சு திரும்பும் வரை பக்கத்தில் நின்றவள். ஒரு நிறம் கேட்கிறாள். சாம்பலை மடித்து வைத்துவிட்டேன்.

மார்ச் 21, சனி

யோசித்துப் பார்த்ததில்: தவறு என்னுடையதாகவே இருக்கட்டும். ஆனால் கேட்காமல் தைத்தது அவர். அவரே சொன்னார். ஆக, பாதித் தவறு அவருடையது.

மார்ச் 22, ஞாயிறு

சரி, கால்.

மார்ச் 30, திங்கள்

அந்த நாற்பது வரியை இன்று படித்துப் பார்த்தேன். 'அடிப்படைக் கணிதம் அறியாதவர்' என்று ஒரு இடம் வருகிறது. மேலே படிக்கவில்லை.

ஏப்ரல் 4, சனி

மாட்டினார்கள். அந்த அம்மாவே வந்தார், இரண்டு ஆட்களோடு. சுருட்டுத் திரை குழிக்குள் இறங்கியபோது ஓரத்தில் ஒரு நூல் இடைவெளிதான். என் 146.9! மூன்றில் சிறியதை எடுத்ததால்தான் உரசாமல் இறங்குகிறது என்று அந்த ஆட்களுக்கு விளக்கினேன். அவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கலாம், இருந்தாலும் கேட்டுக்கொண்டார்கள். அடுத்து துணித் திரையை இழுத்தார்கள். பகல் பதினொரு மணிக்கு அறை அணைந்தது. என் கையே எனக்குத் தெரியவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. "இந்தத் தடவை தரை தொடற மாதிரியே இறக்கியிருக்கேன் சார். ஒரு சாண் என்ன, ஒரு விரல்கூட இருக்காது."

இந்தத் தடவை என்றார். அப்படியானால் கடைக்குள் நுழைந்த நிமிடமே தெரிந்திருக்கிறது. ஒற்றை நட்சத்திரத்தைப் பதினொரு வருடம் தன் கடைத் தலையில் சுமந்தவர், என் மூலைவிட்டங்களைப் பாராட்டியிருக்கிறார்.

"தப்பு உங்களோடது இல்லம்மா" என்றேன். இருட்டாக இருந்ததால் சொல்ல முடிந்தது.

"துணிய முதல் வாரம் துவைக்காதீங்க சார்" என்றார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

எட்டே முக்காலுக்குப் படுத்தாள். பத்துக்குக் கதவில் காதை வைத்தேன். பன்னிரண்டுக்கும் வைத்தேன். இரண்டு மணிக்குப் பயமே வந்துவிட்டது. மச்சான் போன் செய்தார். "எங்க தங்கச்சி?" "தூங்கறா." "இன்னுமா?" "இன்னும்தான்." பதினொரு வருடத்தில் முதல் தடவையாக மச்சானுக்கு நகைச்சுவை வரவில்லை. அந்த மௌனத்தை ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

நாலு இருபதுக்கு எழுந்து வந்தாள். முகத்தில் தலையணைக் கோடு. துண்டுக் கோடு இல்லை. "மணி என்ன?" என்றாள். சொன்னேன். நம்பாமல் பால்கனிக்குப் போய் வெயிலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

டீ போட்டுக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். 340, 170, நிரை, நிரல். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பதினொரு வருடம் யாரும் கண்டுபிடிக்காத பிழையை நானே அல்லவா கண்டுபிடித்திருக்கிறேன்?

அவள் ஒரு வாய் குடித்தாள். "எனக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"தச்சு வந்த ரெண்டாவது வாரத்துலேர்ந்து. துவைச்சு மடிக்கும்போது அகலம் ஜாஸ்தியா இருந்தது. உங்க சீட்ட எடுத்துப் பாத்தேன்."

"ஏன்டி சொல்லல?"

"அந்த வருஷம்தான் காலேஜ்ல உங்களுக்குப் பதவி தரல. சாப்பிடாம உக்காந்திருந்தீங்க. அளவும் தப்புன்னு நான் வேற சொல்லணுமா?" டம்ளரைக் கீழே வைத்தாள். "துண்டு கட்டிக்கறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல."

முதல் பக்கத்தில் நான் என்ன எழுதியிருக்கிறேன்? வாயை மூடிக்கொண்டு இருந்தேனாம். நானா இருந்தேன்?

ஏப்ரல் 6, திங்கள்

நாற்பது வரியையும் அழித்துவிட்டேன். அதில் இரண்டு வாக்கியங்கள் நன்றாக இருந்தன. அவற்றையும்தான்.

அந்த இடத்தில் இந்தப் பக்கங்களையே போடப்போகிறேன் என்று காலையில் வேலையிலிருந்து வந்தவளிடம் சொன்னேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பேரும் பட்டமும் போடுவீங்களா?" என்றாள்.

"போட்டுத்தானே ஆகணும்? அன்னிக்கிப் போட்டேனே."

"பேரப் போட்டா உங்களப் பத்தினதா ஆயிடும். அந்த அம்மாவப் பத்தினதா இருக்கட்டும்." சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். உள்ளே திரை இழுபடும் சத்தம் கேட்டது.

அரை டிரவுசரைப் பார்த்ததும் எழுதியது யார் என்று மச்சான் கண்டுபிடித்துவிடுவார். மூலைவிட்டத்தைப் பார்த்ததும் அந்த அம்மா கண்டுபிடித்துவிடுவார். கல்லூரியில் அந்த இளையவன்கூட நிரை, நிரலைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பிடிக்கட்டும்.

இப்போது மணி மதியம் ஒன்று. அவள் தூங்குகிறாள். ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டேன். பெயர் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டு, அப்படியே அனுப்பப்போகிறேன்.